சீவலும் சாணையும்: பாலாற்றங்கரைத் தோல் தொழிலில் கத்தியின் வரலாறு

தமிழில் 'சீவுதல்' என்ற வினை பல தொழில்களுக்குப் பொதுவானது. பாக்கைச் சீவுகிறோம், இளநீரைச் சீவுகிறோம், பென்சிலைச் சீவுகிறோம். தச்சர் மரத்தைச் சீவுகிறார். அவருடைய கருவிக்குச் சீவுளி என்றும் இழைப்புளி என்றும் பெயர். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழிற்பகுதியிலும் இதே வேலைதான் நடைபெறுகிறது. அங்கே சீவப்படும் பொருள் தோல் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த ஒப்புமை சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. தச்சுப் பட்டறைகளில் இன்று சாதாரணமாகக் காணக்கிடைக்கும் கையடக்க மின் இழைப்புளியைக் கவிழ்த்துப் பார்த்தால், அடித்தட்டின் நடுவே ஓர் உருளையும் அதில் எதிரெதிராகப் பொருத்திய இரண்டு கத்திகளும் தெரியும். உருளை நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல, கத்திகள் மாறி மாறி மரத்தை மெல்லிய சீவலாக எடுக்கின்றன. தோல் ஆலையின் ஷேவிங் இயந்திரத்தைத் திறந்தால் அதே உருளையை ஆளுயர நீளத்தில் காணலாம். உருளையைச் சுற்றித் திருகாணியின் மரைபோலப் பல கத்திகள் சாய்ந்து ஓடுகின்றன. மரத்தை உருளைக் கத்தியால் இழைக்கும் இயந்திரத்திற்கு அமெரிக்கரான வில்லியம் உட்வொர்த் 1828இல் காப்புரிமை பெற்றார். அதைக் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கிய மின் இழைப்புளியை ஜப்பானின் மகீட்டா நிறுவனம் 1958இல் அந்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோல் சீவும் இயந்திரம் அதே குடும்பத்தின் மற்றொரு கிளை.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தின் வரலாற்றைச் சொல்வோர் ஆவாரம்பட்டையைப் பற்றிச் சொல்வர். பாலாற்று நீரைப் பற்றிச் சொல்வர். இசுலாமிய வணிகக் குடும்பங்களின் முனைப்பையும், பிற்காலத்தில் வந்த குரோம் உப்பையும் சொல்வர். இவை யாவும் உண்மையே. ஆயினும் கத்தியையும், அதைக் கூராக வைத்திருந்த கைகளையும் பற்றி எவரும் அதிகம் எழுதியதில்லை. கத்தி யார் கையில் இருந்தது, எந்த ஊரில் இருந்தது என்று கேட்டுக்கொண்டு இதே வரலாற்றைப் படித்தால், தொழிலின் ஆதாயம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் விளங்கும். இக்கட்டுரையில் நாம் செய்ய முயல்வது அதைத்தான்.

ஊசிக்குக் கிடைத்த இடம்

முதலில் நம் இலக்கியத்தைப் பார்ப்போம். புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் வேகத்துக்கு உவமையாகக் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் ஊசியைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் அவன் கை ஊசி எப்படி விரையுமோ அப்படி விரைந்ததாம் மன்னனின் போர். உழைப்பவன் ஒருவனின் வாழ்க்கை நெருக்கடியை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன பாடல்கள் சங்க இலக்கியத்தில் மிகக் குறைவு.

பாடலில் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அத்தொழிலாளியைக் குறிக்கும் 'இழிசினன்'. அவன் வேகத்தை மன்னனுக்கு உவமையாக்கும் புலவரே அவனுக்கு அந்தப் பெயரையும் இடுகிறார். மற்றொன்று, அவன் ஊசியில் கோத்த வாரைக் குறிக்கும் 'போழ்'. போழ்தல் என்றால் பிளத்தல். பிளந்து எடுத்த வார் என்றால், அதைப் பிளந்த கத்தி ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். ஊசி பாட்டில் ஏறிவிட்டது. கத்தி வாரின் பெயருக்குள் மறைந்து நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையும் புகாரின் மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞர் வரிசையில் தோல் தைப்போரைச் சேர்க்கிறது. அங்கும் பெயர் பெறுவது தையல்தான்.

கூர்மை தீட்டும் கருவியை வள்ளுவர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுத்தாள்கிறார். 997ஆம் குறளில் அரம் அறிவின் கூர்மைக்கு உவமை. 888ஆம் குறளில், உட்பகை கொண்ட குடி அரம் பொருத இரும்பைப்போலத் தேயும் என்கிறார். தீட்டுவதும் தேய்வதும் ஒரே செயலின் இரு பெயர்கள் என்பது பட்டறையில் நின்றவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் கத்தி தன் உடம்பில் ஒரு பகுதியைக் கொடுத்தே கூரைப் பெறுகிறது. ஆகவே, தேவைக்கு மேல் தீட்டாமல், மழுங்கும் வரை விட்டும் வைக்காமல், நேரம் பார்த்துத் தீட்டுவதே கத்திப் பராமரிப்பின் முதல் விதி. இந்த விதி தச்சருக்கும் தோல் தொழிலாளிக்கும் பொது.

கட்டையும் வளைகத்தியும்

இயந்திரங்கள் வருவதற்கு முன்பு தோல் பதனிடும் வேலையில் குறைந்தது மூன்று வகைக் கத்திகள் இருந்தன. முதலாவது, விலங்கின் உடலிலிருந்து தோலை உரிப்பவரின் கத்தி. அது கை தவறினால் தோலின் சதைப்புறத்தில் வெட்டு விழும். பதனிட்ட பிறகும் அந்த வெட்டு மறையாது. தோலின் தரம் அங்கேயே ஒரு படி இறங்கிவிடும்.

இரண்டாவது, மயிர் நீக்கும் கத்தி. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் மயிர் தளர்ந்திருக்கும். சாய்வாக நிறுத்திய உருட்டுக் கட்டையின்மேல் தோலைப் போர்த்தி, இரு முனைகளிலும் கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் மேலிருந்து கீழாகத் தள்ளுவார்கள். இந்தக் கத்தி மழுங்கலாகவே இருக்க வேண்டும். கூராக இருந்தால் மயிரோடு தோலின் மேல்முகமும் போய்விடும். கத்தியைப் பேணுவது என்றால் எப்போதும் கூராக வைப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எந்த வேலைக்கு எவ்வளவு கூர் என்று அறிவதே பேணுதல் என்பதற்கு இந்தக் கத்தி சான்று.

மூன்றாவது, சதை நீக்கும் கத்தி. இதுவும் இரு கைப்பிடிகள் கொண்ட வளைகத்தியே. உட்குழிந்த விளிம்பு மழுங்கலாக இருந்து தோலைச் சுரண்டும். வெளியே புடைத்த விளிம்பு கூராக இருந்து ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் அரியும். வழுக்கும் ஈரத்தோல், உருண்ட கட்டை, வளைந்த கத்தி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். அந்தத் தொடுபுள்ளியைக் கையின் அழுத்தத்தால் நகர்த்திச் செல்வதுதான் திறன். கத்தியில் ஒரு சிறு பல் விழுந்திருந்தாலும், தள்ளும் ஒவ்வொரு முறையும் தோலில் ஒரு கோடு விழும். எனவே வேலைக்கு நடுவே கல்லில் தேய்ப்பதும், விளிம்பில் எழும் பிசிறை நீக்குவதும், மறுபடி வேலையைத் தொடர்வதும் நாள்முழுதும் மாறி மாறி நடக்கும். சுண்ணாம்பு நீரில் ஊறி வெடித்த விரல்களால் செய்த வேலை இது. பாலாற்றுப் பகுதித் தொட்டிகளிலும் கட்டைகளிலும் அந்த விரல்கள் பெரும்பாலும் தலித் மக்களுடையவை. ஏழை இசுலாமியருடையவையும் உண்டு.

இதே உழைப்பைத் திண்டுக்கல் தோல் ஆலைகளின் களத்தில் வைத்து எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சங்கப் பாடலின் ஊசியிலிருந்து ஆலைத் தொழிலாளியின் கைகளுக்கு இலக்கியம் வந்து சேர எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எடைக்கு விற்ற காலம்

இனி வணிகத்துக்கு வருவோம். பாண்டிச்சேரியிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்பவர் 1840களில் சென்னைப் பகுதியில் தோல் பதனிடும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்பது தோல் தொழில் வரலாற்றில் பலரும் குறிப்பிடும் செய்தி. சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் பதப்படுத்தி, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்திய தோல், உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர் பெற்றது. வறண்ட நிலத்தில் ஆவாரை தானாக வளர்ந்தது. பாலாற்று மணலில் ஊற்று நீர் கிடைத்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகம் அருகில் வந்துவிட்டதால் இந்தப் பகுதி தோலுக்கென்றே அமைந்ததுபோல் ஆயிற்று.

ஆனால் கப்பலேறிய தோல் முடிவுற்ற தோலன்று. பதனிட்டு உலர்த்திய அரைப்பதச் சரக்கு. இலண்டனில் ஏலம் போன பிறகு, அங்குள்ள தொழிலாளர் அதை மறுபடி நனைத்து, சதைப்புறத்தைச் சீவி, ஒரே கனத்துக்குக் கொண்டுவந்து, எண்ணெயும் நிறமும் ஏற்றிக் காலணிக்குரிய மேல்தோலாக ஆக்கினர். இலண்டனின் பெர்மண்ட்சி பகுதியும் பிற நகரங்களும் இந்த வேலையில் செழித்தன. இங்கே சுண்ணாம்பும் துர்நாற்றமும் கழிவுநீரும் தங்கின. சீவும் கத்தியும் அதன் கூலியும் அங்கே இருந்தன.

அந்தக் கத்தியை அவர்கள் பேணிய விதம் தனிக்கலை. சீவும் கத்தி நீண்ட செவ்வக வடிவில், இரு முனைகளிலும் கைப்பிடியோடு இருக்கும். முதலில் அதன் விளிம்பைக் கல்லில் நேராகத் தீட்டுவார்கள். பிறகு, கடினமான எஃகுக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, கூர்முனையையே பக்கவாட்டில் மடித்துவிடுவார்கள். மடிந்த அந்த மெல்லிய உதடுதான் தோலைச் சீவும். வேலையின்போது அது தளர்ந்தால் மீண்டும் கல்லுக்குப் போவதில்லை. விரலிடுக்கில் வைத்திருக்கும் சிறு கம்பியால் ஓர் இழுப்பு இழுத்து நிமிர்த்துவார்கள். மரச்சாமான் செய்யும் தச்சர், மெல்லிய இரும்புத் தகட்டின் விளிம்பை மடித்து மரத்தைச் சுரண்டி மெழுகுவதும் இதே நுட்பம்தான்.

இலண்டனில் தோலைச் சீவி முடிக்கும் இத்தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் பட்டயமும் பெற்றிருந்தது. ஒரே பொருளை ஒரே வகைக் கருவியால் சீவுகிற இருவரில் ஒருவருக்கு அரசப் பட்டயமும் மற்றவருக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பும் கிடைத்தன என்பதைத் தொழில்நுட்பத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இங்கே கத்திவேலை நுட்பமடையாததற்கு விலை முறையும் ஒரு காரணம். ஈஸ்ட் இந்தியாத் தோல் எடைக்கு விற்கப்பட்டது. எடைக்கு விற்பவர் தோலை மெல்லியதாகச் சீவுவதால் இழக்கவே செய்வார். சீவல் தரையில் விழும்போது காசும் விழுகிறது. முடிவுற்ற காலணித் தோலோ சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவது. அங்கே கனம் ஒரே சீராக இருந்தால்தான் விலை. எடைக் கணக்கிலிருந்து பரப்புக் கணக்குக்கு மாறுவது, கத்தியின் மதிப்பு கூடுவதாகும். அந்த மாற்றம் கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது.

முதல் உலகப் போர் வந்தபோது பிரித்தானியப் படைவீரரின் பூட்ஸுகளுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது; அரசே அதைக் கொள்முதல் செய்தது. 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசுக்குள் போகும் சரக்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடியும் தரப்பட்டது. தோலை இங்கேயே பதனிட வேண்டும் என்ற எண்ணம் அரசுக் கொள்கையில் எட்டிப்பார்த்தது உண்மை. இங்கேயே சீவி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் கொள்கையாக இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

குரோமும் கனமும்

இதற்கிடையே வேதியியல் மாறியிருந்தது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இலும் மார்ட்டின் டென்னிஸ் 1893இலும் பெற்ற காப்புரிமைகளால், குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வணிகத்துக்கு வந்தது. பட்டை வாரக்கணக்கில் செய்ததைக் குரோம் ஓரிரு நாளில் செய்தது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் இதைச் சோதித்துப் பார்த்தார். கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோற்பைகள் தண்ணீரில் விரைவில் அழுகாமல் இருக்கக் குரோம் தோல் உதவும் என்பது அவர் கணிப்புகளில் ஒன்று. 1912இல் சேம்பர்ஸ் பல்லாவரத்தருகே நிறுவிய குரோம் தோல் ஆலையின் நினைவாகவே குரோம்பேட்டை இன்றும் அப்பெயரைச் சுமக்கிறது.

1948இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1958 முதல் அதன் இயக்குநராக இருந்த எலவர்த்தி நாயுடம்மா, ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையிலிருந்த தொலைவைக் குறைப்பதைத் தம் பணியாகக் கொண்டார். ஆயினும் அறுபதுகள் முடியும்வரை இந்தியத் தோல் ஏற்றுமதியின் பெரும்பகுதி பச்சைத் தோலும் அரைப்பதத் தோலுமாகவே இருந்தது. 1972இல் சீதாராமய்யா குழு அறிக்கை தந்தது. அதையொட்டி 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அரைப்பதத் தோலுக்கு ஆண்டுக்காண்டு குறையும் அளவுக் கட்டுப்பாடு வந்தது.

பாலாற்றங்கரைக்குச் சீவும் கத்தி பெரிய அளவில் வந்து சேர்ந்தது இந்தக் கொள்கையின் விளைவாகத்தான். முடிவுற்ற தோலையும் காலணியையுமே ஏற்றுமதி செய்ய முடியும் என்றானபின், ஒரே கனத்துக்குச் சீவாமல் தொழிலில் நிற்க இயலாது. இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளின் இயந்திரங்கள் வந்து இறங்கின. கட்டையும் வளைகத்தியும் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டன.

ஓடிக்கொண்டே தீட்டப்படும் கத்தி

ஷேவிங் இயந்திரத்தின் உருளையில் கத்திகள் நேர்கோட்டில் இல்லை. நடுவிலிருந்து ஒரு பாதி இடமாகவும் மறுபாதி வலமாகவும் சாய்ந்து செல்கின்றன. தோல் உள்ளே போகும்போது இந்தச் சாய்வு அதை இருபுறமும் விரித்துக் கொடுக்கும், மடிப்பு விழாது. கத்திக்கும் எதிரே தோலைத் தாங்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியே தோலின் கனம். குரோம் ஏறி நீலநிறம் பெற்ற 'வெட் புளூ' தோலை, காலணி மேல்பாகத்துக்கு என்றால் பொதுவாக 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரையிலும், ஆடைக்கும் உள்தோலுக்கும் என்றால் அதில் ஏறத்தாழப் பாதியாகவும் சீவுவார்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் காலணித் தொழிற்சாலை திருப்பி அனுப்பும்.

இந்த இயந்திரத்தில் சாணைக்கல் கத்தியின் கூடவே குடியிருக்கிறது. உருளைக்குப் பின்னால் ஒரு தண்டவாளத்தில் சாணைச் சக்கரம் இடவலமாக நகர்ந்தபடி, சுழலும் கத்திகளை அதே இடத்தில் வைத்தே தீட்டும். எல்லாக் கத்திகளும் ஒரே வட்டத்தில் தேய்வதால் அவற்றின் உயரம் வேறுபடுவதில்லை. கல்லை எப்போது நெருக்குவது, எவ்வளவு நெருக்குவது என்பதை இயக்குபவர் காதாலும் கையாலும் அறிகிறார். கூர் போன கத்தி சீவாது, உரசும். உரசலில் சூடேறித் தோல் கருகும். இழுபட்ட இடம் கிழியும். மேற்பரப்பில் அலையலையாகக் கோடுகள் எழும். சாணை மிகையானாலோ கத்தி வீணாகத் தேயும்.

தேய்ந்து தேய்ந்து கத்தியின் உயரம் குறைந்தபின் உருளைக்குப் புதுக்கத்தி கட்ட வேண்டும். பழைய கத்திகளைப் பள்ளத்திலிருந்து பெயர்த்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, புதிய எஃகுப் பட்டையைச் சாய்வுக்கேற்ப வளைத்து இறக்கி, பக்கத்தில் மென்மையான உலோகப் பட்டியை வைத்து உளியும் சுத்தியலுமாக அடித்து இறுக்குவார்கள். பிறகு, எல்லாம் ஒரே வட்டத்துக்கு வரும்வரை நீண்ட நேரம் சாணை பிடிப்பார்கள். எங்கேனும் ஓரிடத்தில் இறுக்கம் குறைந்தால் ஓட்டத்தில் கத்தி பிடுங்கிக்கொண்டு பறக்கும். ஆகையால் இந்த வேலையை எல்லோரிடமும் ஒப்படைப்பதில்லை.

தச்சரின் மின் இழைப்புளியில் இதே இலக்கணம் சிறிய அளவில் செயல்படுகிறது. முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். கத்தியைக் கழற்றியபின் அது உட்காரும் இடத்தில் ஒட்டிய மரத்தூளையும் பிசினையும் துடைக்க வேண்டும். துகள் ஒன்று தங்கினாலும் கத்தி சாய்ந்துவிடும். இரண்டு கத்திகளையும் ஒன்றாகப் பிடித்து, ஒரே சாய்வில், ஒரே அளவுக்குத் தீட்ட வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்தால் உருளையின் எடை ஒருபுறம் சாய்ந்து கருவி அதிரும். தீட்டும்போது விளிம்பில் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று என்று பொருள். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தீட்டினால் அது நேராது. திரும்பப் பொருத்துகையில் பின்பக்க அடித்தட்டின்மேல் நேர்கோல் ஒன்றை வைத்து, இரு கத்திகளின் முனையும் அதே மட்டத்துக்கு வரும்படி முடுக்க வேண்டும். ஒரு கத்தி உயர்ந்து நின்றால் அது மட்டுமே வெட்டும், மற்றது சும்மா சுற்றும். இப்போதோ இருபுறமும் கூர்கொண்ட, மிகக் கடினமான கார்பைடு கத்திகள் வந்துவிட்டன. ஒருபுறம் மழுங்கினால் திருப்பிப் போடலாம். இருபுறமும் மழுங்கினால் எறிந்துவிடலாம். சாணை பிடிக்கும் கலை அந்தக் கருவியிலிருந்து மெல்ல விடைபெறுகிறது. தோல் ஆலையில் அது இன்னும் ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது.

பிளக்கும் இயந்திரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தடித்த தோலை மேல் கீழாக இரண்டாகப் பிளப்பதற்கு, முனையற்ற பட்டைக் கத்தி ஒன்று இரு சக்கரங்களின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்ப்பாதையில் இரண்டு சாணைச் சக்கரங்கள் அதன் இரு முகங்களையும் இடைவிடாமல் தீட்டும். புறநானூறு வாரின் பெயரில் மறைத்து வைத்த போழ்தல், இன்று பாலாற்றங்கரையில் இப்படி நடைபெறுகிறது.

தரையில் விழுந்த சீவல்

கத்தியின் வரலாறு சீவலின் வரலாறும் ஆகும். தச்சரின் சீவல் அடுப்புக்குப் போகும். பட்டையில் பதனிட்ட தோலின் சீவல் மண்ணுக்குப் போனாலும் பெரிய கேடில்லை. குரோம் தோலின் சீவலில் குரோமியம் இருக்கிறது. உப்பிட்ட பச்சைத் தோல் ஆயிரம் கிலோவிலிருந்து முடிவுற்ற தோலாக வெளிவருவது ஏறத்தாழ 200 கிலோதான். மீதமுள்ளவற்றில் சதையும் சீவலும் வெட்டுத்துண்டும் பெரும்பங்கு. கிலோ ஒன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை செலவாகும் தண்ணீர் தனிக் கணக்கு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் திருப்புமுனை. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு கொள்கைகளை அது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது என்பதிலிருந்து, காயம் இன்னும் ஆறவில்லை என்று அறியலாம்.

ஆற்றுக்கு நேர்ந்ததற்கெல்லாம் கத்தியைப் பொறுப்பாக்க முடியாது. உப்பும் சுண்ணாம்பும் கழிவுநீருமே முதன்மைக் காரணங்கள். எனினும், கத்தியை எந்தக் கட்டத்தில் வைக்கிறோம் என்பதற்கும் இதில் பங்கு உண்டு. குரோம் ஏறிய பிறகு பிளந்தால் வெட்டுண்ட பகுதியெல்லாம் குரோமியக் கழிவு. சுண்ணாம்பு நிலையிலேயே பிளந்துவிட்டால் கீழ்ப்படலம் குரோம் கலவாமல் கிடைக்கும். அதைப் பசையும் ஜெலட்டினும் செய்யப் பயன்படுத்தலாம். வீணாகப்போகும் தோலுக்குக் குரோமைச் செலவிட வேண்டியதும் இல்லை. வழுக்கும் சுண்ணாம்புத் தோலைச் சீராகப் பிளக்க இன்னும் நேர்த்தியான கூரும், அதை அறிந்த கையும் வேண்டும். நல்ல சாணையும் ஆற்றுக்குச் செய்யும் ஓர் உதவி என்று சொன்னால் அது மிகையாகாது.

எழுதப்படாத பெயர்கள்

பழைய வடார்க்காடு மாவட்டம் வேலூர் ஆகி, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. நிர்வாக வரைபடம் மாறிய வேகத்தில் பட்டறைச் சொற்களும் மறைகின்றன. உருட்டுக் கட்டையின்முன் நின்று வளைகத்தி தள்ளிய தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிக முதியவர்கள். கத்தியின் ஒவ்வொரு பகுதிக்கும், தீட்டும் ஒவ்வொரு முறைக்கும், விழும் ஒவ்வொரு குறைக்கும் அவர்கள் ஒரு சொல் வைத்திருப்பார்கள். திருப்பாச்சி அரிவாளை அறியாத தமிழர் இல்லை. பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோல் சீவிய கத்திக்கு அப்படியொரு புகழ் வாய்க்கவில்லை. சண்டைக்கும் வேளாண்மைக்கும் உதவிய இரும்பு கதைகளில் ஏறியது; தோலைத் தொட்ட இரும்பைத் தொட்டவரோடு சேர்த்து விலக்கி வைத்தோம்.

தமிழ் கற்பிக்கும் நாம் இத்தகைய சொற்களைத் தொகுப்பதைக் களப்பணி என்று மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். பெரும்பாலும் நாட்டுப்புறப் பாடல்களோடும் விடுகதைகளோடும் நிறுத்திவிடுகிறோம். தோல் ஆலைக்குள் போய்ச் சாணைச் சக்கரத்தின் அருகே நிற்பவரிடம், 'ஐயா, கத்தி மழுங்கியது உங்களுக்கு எப்படித் தெரிகிறது?' என்று கேட்கும் மாணவர் ஒருவர், எந்த அகராதியிலும் ஏறாத சொற்களோடு திரும்பி வருவார். ஏலக் கணக்குகள் இலண்டனில் இருக்கின்றன. கொள்கை அறிக்கைகள் தில்லியில் இருக்கின்றன. தீர்ப்புகள் அச்சில் இருக்கின்றன. சீவியவர்களின் சொல் மட்டும் அவர்கள் நாவில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையைப் பாலாற்றங்கரைக் கல்லூரிகள் இனியும் தள்ளிப்போடலாகாது.